‘கேன்சர் செல்லைக் கொல்லும் மூலிகை!’ - சரி, எந்த செல்லை, எவ்வளவு டோஸில்?

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். ‘இந்த இலை கேன்சர் செல்லைக் கொல்லுதுனு விஞ்ஞானிகளே கண்டுபிடிச்சுட்டாங்க. மருந்து கம்பெனிங்க மறைக்கிறாங்க. 10 பேருக்கு அனுப்புங்க.’ இலை மட்டும்தான் மாறும். ஒரு வாரம் முள்சீத்தா, அடுத்த வாரம் கோதுமைப்புல், அதற்கு அடுத்த வாரம் வேப்பிலை.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்த முதல் வரி பெரும்பாலும் பொய் இல்லை. எங்கேயோ ஓர் ஆய்வகத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டில், அந்த இலையின் சாறு கேன்சர் செல்களை உண்மையிலேயே கொன்றிருக்கும். கட்டுரையும் வந்திருக்கும். ஆனால், தட்டில் கிடக்கும் செல்லைக் கொல்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லைங்க. கொதிக்கிற தண்ணியை ஊற்றினாலும் சாகும். பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு சொட்டு போதும். உப்பை அள்ளிப் போட்டாலும் கதை முடிந்தது. எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது, கொல்லும்போது நல்ல செல்லை விட்டுவைக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் விஷயம். ஃபார்வர்டில் அது ரெண்டும் இருக்காது.

மூலிகைகளில் இருக்கும் வேதிப்பொருள்கள் செல்களுக்கு எவ்வளவு நஞ்சு என்று அளக்கும் இந்தச் சோதனைக்கு சைட்டோடாக்ஸிசிட்டி டெஸ்ட் என்று பெயர். தமிழில் செல் நச்சுத்தன்மைப் பரிசோதனை எனலாம். இந்தியாவில் பல கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வகங்களில் இது நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த ஃபார்வர்டைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

96 குழிகள், ஒரு ஊதா நிறம்

முதலில் செடி. இங்கேயே சறுக்கல் ஆரம்பிக்கும். ஒரே செடிக்கு ஊருக்கு ஓர் பெயர். ஒரே பெயருக்கு ஊருக்கு ஒரு செடி. அதனால், ஒழுங்கான ஆய்வு என்றால் தாவரவியலாளர் ஒருவர் செடியைப் பார்த்து, இது இன்னதுதான் என்று உறுதி செய்வார். காய்ந்த மாதிரி ஒன்றை அட்டையில் ஒட்டி, நம்பர் போட்டு, ஹெர்பேரியத்தில் வைத்துவிடுவார்கள். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைப்பார்கள். ஹெக்ஸேன் என்றால் எண்ணெய், மெழுகு மாதிரியான சமாசாரங்கள் இறங்கும். மெத்தனால், எத்தனால் என்றால் ஆல்கலாய்டுகள், ஃப்ளேவனாய்டுகள் எனப் பலதும் சேர்ந்து வரும். பிறகு கரைப்பானை ஆவியாக்கினால், அடியில் தார் மாதிரி பிசுபிசுவென்று ஒன்று மிஞ்சும். அதுதான் சாறு. பாட்டி வைக்கும் கஷாயம் தண்ணீரில் கொதித்தது. ஆய்வகம் எடுத்தது மெத்தனாலில் இறங்கியது. ஒரே செடியாக இருந்தாலும் இரண்டுக்குள்ளும் இருக்கும் சரக்கு வேற வேற. ‘பாட்டி வைத்தியத்தை அறிவியல் நிரூபித்தது’ என்று தலைப்பு வரும்போது, பாட்டி மெத்தனால் பக்கமே போனதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து செல்கள். இவை நோயாளியிடமிருந்து அன்றைக்குக் காலையில் எடுத்தவை அல்ல. பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களிலேயே வளர்க்கப்பட்டு வரும் செல் வரிசைகள். முதன்முதலில் இப்படித் தொடர்ந்து வளர்ந்த மனித செல், 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. அவரிடம் கேட்காமலேயே எடுத்த செல்கள் அவை. ஹீலா என்ற பெயரில் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டிருக்கின்றன. மார்பகப் புற்றுக்கு எம்.சி.எஃப்-7, ஈரலுக்கு ஹெப்-ஜி2, நுரையீரலுக்கு ஏ549 என்று ஒவ்வொன்றுக்கும் பிரபலமான வரிசைகள் உண்டு. இந்திய ஆய்வகங்கள் பலவும் இவற்றை புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குகின்றன.

உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசை, 12 பத்தி என 96 குட்டிக் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்களை இட்டு, நம் உடல் சூடான 37 டிகிரியில் வைத்து ஒட்டி வளரவிடுவார்கள். பிறகு சாற்றை வெவ்வேறு அளவுகளில் விடுவார்கள். ஒரு குழிக்கு மில்லிக்கு 6 மைக்ரோகிராம், அடுத்ததற்கு 12, அதற்கடுத்து 25, 50, 100 என்று ஏறிக்கொண்டே போகும். சில குழிகளுக்கு ஒன்றும் விடமாட்டார்கள். சிலவற்றுக்குச் சாறு இல்லாமல் கரைப்பான் மட்டும். இன்னும் சிலவற்றுக்கு ஏற்கெனவே தெரிந்த கீமோ மருந்து. இந்த ஒப்பீட்டுக் குழிகள் இல்லாத ஆய்வைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

24 மணி நேரமோ, 48 அல்லது 72 மணி நேரமோ கழித்து எம்.டி.டி எனும் மஞ்சள் சாயத்தை விடுவார்கள். 1983-ல் டிம் மோஸ்மன் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. உயிரோடு இருக்கும் செல்லில் என்ஸைம்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அல்லவா, அவை இந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றிவிடும். செத்த செல்லால் முடியாது. படிகத்தைக் கரைத்து, கருவியில் வைத்து எந்தக் குழி எவ்வளவு ஊதா என்று அளந்தால், எத்தனை செல் பிழைத்தன என்பது தெரிந்துவிடும். எளிமையான, செலவு குறைந்த, அழகான ஐடியா.

ஆனால், மூலிகை விஷயத்தில் இதற்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. நிறைய மூலிகைகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம். செல்லே இல்லாத குழியில்கூட அவை தாமாகவே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்துப்போன குழியும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். அதாவது, நஞ்சு பாதுகாப்பானதாக வேஷம் போடும். கவனமான ஆய்வாளர் செல் இல்லாமல் சாறு மட்டும் விட்ட ஒரு குழியையும் வைத்திருப்பார். இல்லையென்றால் வேறு ஒரு முறையிலும் சரிபார்ப்பார்.

இதே சோதனை வேறொரு வேலைக்கும் பயன்படும். டெங்கு சீசனில் தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் கொடுப்பதும், 2017-ல் அதைச் சுற்றி நடந்த சண்டையும் உங்களுக்கு நினைவிருக்கலாம். நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு உட்பட ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. இப்படி ஒரு மருந்து வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், வைரஸை வளர்க்கும் செல்லுக்கு அது எந்த அளவு வரை நஞ்சாகாது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஏனென்றால், செல்லே செத்துவிட்டால் வைரஸ் எங்கே போய் வளரும்? வைரஸ் எண்ணிக்கை குறைந்தது மருந்தாலா, செல் செத்ததாலா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

கால் கிலோ மஞ்சள்

தட்டிலிருந்து வரும் முக்கியமான எண் ஒன்று உண்டு: ஐ.சி.50. பாதி செல்களை முடக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்ற அளவு. இந்த எண் குறையக் குறைய வீரியம் அதிகம். மூலிகைக் கச்சாச் சாறு என்றால் மில்லிக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 200, 300 என்று வந்தால், ‘ம்... பார்க்கலாம்’ ரகம். ஆனால், செய்தித் தலைப்பில் இரண்டும் ஒன்றுதான். ‘கேன்சரை அழிக்கிறது!’

200 என்று வந்த ஒரு சாற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரியவர் உடம்பில் சுமார் 40 லிட்டர் நீர் இருக்கிறது. அது முழுக்க அந்த அளவு பரவ வேண்டும் என்றால் 8 கிராம் சாறு மொத்தமாக உள்ளே போய், குடலில் வீணாகாமல், ஈரலில் சிதையாமல் அப்படியே நிற்க வேண்டும். செடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 80 கிராம் காய்ந்த இலை. பச்சை இலையாக அது பல மடங்கு. அதுவும் நாள் முழுக்க அந்த அளவு குறையாமல் இருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

மஞ்சள் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், தட்டில் சகலவிதமான கேன்சர் செல்களையும் கொல்லும். அதற்குப் பெரும்பாலும் 5-லிருந்து 50 மைக்ரோமோலார் வரை தேவைப்படுகிறது. தைவானில் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2001-ல் வெளியானது. ரத்தத்தில் உச்சபட்சமாக ஏறியது சராசரி 1.77 மைக்ரோமோலார். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவிகிதம்தான். அப்படியென்றால் 8 கிராம் என்பது கால் கிலோவுக்கும் மேலான மஞ்சள்தூள். தினமும்! அப்படி விழுங்கியும் தட்டில் இருந்த அளவின் பக்கத்தில்கூடப் போகவில்லை. குர்குமின் வைத்து மனிதர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்துவிட்டன என்றும், முறையாக நடந்த ஒப்பீட்டுச் சோதனை எதிலும் அது ஜெயிக்கவில்லை என்றும் 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் ஒரு பெரிய மதிப்பாய்வே எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அது வேற டிபார்ட்மென்ட்.

எலி செத்ததில் கிடைத்த மருந்து

‘அப்போ மூலிகையிலிருந்து எதுவுமே வராதா?’ என்றால், வரும். வந்திருக்கிறது. அந்தச் செடி உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஐந்து இதழோடு இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ எப்போதும் பூத்துக் கிடக்குமே, நித்தியகல்யாணி. சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி. மடகாஸ்கர் தீவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி.

1950-களின் தொடக்கம். கனடாவில் டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கவர் வருகிறது. உள்ளே நித்தியகல்யாணியின் 25 இலைகள். அங்கே சர்க்கரை நோய்க்கு இதைத்தான் டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்ற தகவலோடு. அவர் அதை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுக்கிறார். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் சர்க்கரை அளவில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, ஊசியில் ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினால், எலிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. வேறு யாராக இருந்தாலும் பைலை மூடியிருப்பார்கள். நோபிள் ஏன் செத்தன என்று பார்த்தார். கிருமித்தொற்று. ரத்த வெள்ளை அணுக்கள் சடாரென்று விழுந்து, எலும்பு மஜ்ஜையே காலியாகியிருந்தது.

வேகமாகப் பெருகும் செல்களை இந்த இலையில் உள்ள ஏதோ ஒன்று கொல்கிறது என்றால், வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில்? அந்தக் கேள்விதான் திருப்புமுனை. சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் சேர்ந்துகொள்ள, 1958-ல் வின்பிளாஸ்டின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதே சமயத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திலும் இதே செடியைத் துருவிக்கொண்டிருந்தார்கள். அங்கே வின்கிறிஸ்டின் கிடைத்தது. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றுவரை கொடுக்கப்படும் மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

கவனித்தீர்களா? இங்கே மருந்தைக் கண்டுபிடிக்க உதவியதே அதன் நச்சுத்தன்மைதான். ஆனால், அந்த நச்சு எந்த அளவில் என்பது மில்லிகிராம் கணக்கு. பெரியவர்களுக்கு வின்கிறிஸ்டின் வாரத்துக்கு ஒருமுறை, பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். நரம்பு வழியாக மட்டும். தவறித் தண்டுவடத்தில் போனால் உயிரே போகும். அதன் இன்னொரு முகமும் ஆச்சர்யம்: ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு டோஸ் என்பது 4 கிலோ இலை.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ நாலு இலையை அரைச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நித்தியகல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. எந்த இலையில் எது எவ்வளவு என்பது மண், பருவம், செடியின் வயதைப் பொறுத்து மாறும். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஏற்கெனவே வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அவருக்கு இந்தச் சாற்றைக் கொடுப்பது அந்த எலிக் கூண்டுக்குள் அனுப்புவது மாதிரிதான். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் மானாவாரியில் இதைப் பயிர் செய்து இலையும் வேரும் விற்கிறார்கள். அது மருந்துத் தொழிலுக்குப் போகும் மூலப்பொருள். ஜூஸ் போட அல்ல.

இப்படி ஜெயித்த கதைகள் கைவிட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர இனங்களிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. அதிலிருந்து உருப்படியாக வந்த பெரிய பெயர்கள் இரண்டு. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்ஸால். 1962-ல் பட்டை சேகரித்தார்கள், மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். சீனத்து மரம் ஒன்றிலிருந்து கேம்ப்டோதெசின். அதை நோயாளிகளிடம் சோதித்தபோது பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திவிட்டு, அப்புறம் அதன் மூலக்கூறை மாற்றியமைத்துத்தான் 1996-ல் மருந்தாக்க முடிந்தது.

செங்காந்தள் ஏன் தோற்றது?

வின்கிறிஸ்டின் வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய இழைகள் கட்டப்படும். வின்கிறிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. செல் பாதியில் மாட்டிக்கொண்டு செத்துவிடும்.

இதே இழைகளைத் தாக்கும் இன்னொரு பொருள் நம் மாநில மலரிலேயே இருக்கிறது. செங்காந்தள். விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பக்கமும், திண்டுக்கல்லின் ஒட்டன்சத்திரம் பக்கமும் கம்பிப் பந்தல் போட்டு வளர்த்து, விதையை ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். விதையில் இருப்பது கோல்ச்சிசின். தட்டில் விட்டால் கேன்சர் செல்களை ஜோராகக் கொல்லும். எண்களைப் பார்த்தால் ஃபார்வர்டு எழுதுபவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனாலும் கோல்ச்சிசின் கேன்சர் மருந்து ஆகவில்லை. காரணம், அதற்கு ஆளைப் பார்த்து அடிக்கத் தெரியாது. குடல், மஜ்ஜை, இதயம் எல்லாவற்றையும் சேர்த்தே அடிக்கும். பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறுகியது. இன்றைக்கு அது கவுட் எனும் மூட்டு வீக்கத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. 10 மில்லிகிராமுக்கும் குறைவாக உடம்பில் சேர்ந்தே உயிரிழப்புகள் பதிவாகியிருக்கின்றன.

இந்த இடைவெளியைத்தான் ஆய்வகத்தில் ‘செலக்டிவிட்டி இண்டெக்ஸ்’ என்று கணக்கிடுகிறார்கள். நல்ல செல்லைக் கொல்லத் தேவைப்படும் அளவை, கேன்சர் செல்லைக் கொல்லத் தேவைப்படும் அளவால் வகுத்தால் வரும் எண். 1 என்று வந்தால் அது மருந்தல்ல, வெறும் விஷம். 3-க்கு மேலே வந்தால் கவனிக்கலாம் என்பார்கள் சிலர். 10-ஆவது வேண்டும் என்பார்கள் கறாரானவர்கள். நல்ல செல்லில் சோதித்தே பார்க்காத கட்டுரைகளும் ஏராளமாக வருகின்றன. என்னைக் கேட்டால், அவற்றைத் தலைப்புச் செய்தியாக்குவது பத்திரிகைக்காரர்களான எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம்.

ஃபார்வர்டுகளின் சூப்பர் ஸ்டார் முள்சீத்தாவும் இதே சிக்கலில்தான் நிற்கிறது. அதில் உள்ள அனோனாசின், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிக் கேன்சர் செல்லைக் கொல்கிறது. மூளை நரம்பு செல்லையும் அதே வழியில் கொல்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலை டீயையும் அதிகம் சாப்பிட்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் வித்தியாசமான வடிவில் அதிகமாகக் காணப்படுவதாக 1999-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. பழம்தான் காரணம் என்று அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. ஆனால், மாதக்கணக்கில் இலைக் கஷாயம் குடிக்கச் சொல்பவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

72 மணி நேரத்தில் தெரியாதது

இதுவரை சொன்னது, தட்டில் செத்தது உடம்பில் சாகாது என்ற கதை. தலைகீழ்க் கதையும் உண்டு, அதுதான் அதிக ஆபத்து. தட்டில் ‘பாதுகாப்பானது’ என்று வந்தது உடம்பில் கெடுதல் செய்யலாம்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், எடைக் குறைப்பு கிளினிக் ஒன்றுக்குப் போய்வந்த பெண்களுக்குத் திடீரெனச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. கொடுத்த சீன மூலிகைக் கலவையைச் சோதித்தபோது, ஒரு மூலிகைக்குப் பதிலாகச் சீனத்தில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட வேறொன்று கலந்திருந்தது தெரிந்தது. அது அரிஸ்டோலோகியா வகைச் செடி. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். அதோடு முடியவில்லை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து, அகற்றப்பட்ட 39 பேரைப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது என்று 2000-ல் வெளியானது. அந்தச் செடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். 72 மணி நேரத் தட்டுச் சோதனை அதை எப்படிக் காட்டும்? இதற்காகத்தான் டி.என்.ஏ சேதத்துக்கென்று தனிச் சோதனைகளும், விலங்குகளிடம் நீண்டகாலச் சோதனைகளும் இருக்கின்றன.

அரிஸ்டோலோகியா ஏதோ சீனச் செடி என்று நினைக்க வேண்டாம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். பூச்சி, தோல் நோய், விஷக்கடி என்று இரண்டும் நாட்டு வைத்தியத்தில் புழங்குபவை.

சீந்தில் விஷயம் இன்னும் பக்கத்தில் நடந்தது. கொரோனா காலத்தில் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று வடக்கே கிலோய், இங்கே சீந்தில் கொடி என வீடு வீடாகக் கொதித்தது நினைவிருக்கும். மும்பையில் அதைக் குடித்த 6 பேருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2022-ல் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேர் பற்றிய தகவல் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்தில்போலவே இருக்கும் வேறொரு கொடியைத் தவறாகப் பறித்திருக்கலாம் என்றது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் நமக்கு ஒரு விஷயம் தெளிவு. பாதிக்கப்பட்டவர்கள் பலரிடம் காணப்பட்டது, உடலின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் வகை. தட்டில் இருக்கும் ஈரல் செல்லைச் சுற்றி எதிர்ப்பு சக்தி என்ற ஒன்றே கிடையாது. போதாக்குறைக்கு, ஹெப்-ஜி2 செல்களில் மருந்தைச் சிதைக்கும் என்ஸைம்களும் நிஜ ஈரலைவிட ரொம்பக் குறைவு. சிதைந்த பிறகே நஞ்சாகும் பொருள்கள் அங்கே பிடிபடாமல் நழுவிவிடும்.

சித்தர்களுக்குத் தெரியும், ஃபார்வர்டுக்குத் தெரியாது

இதைப் படிக்கும் சிலருக்கு, பாரம்பர்யத்தை மட்டம் தட்டுவதாகத் தோன்றலாம். உண்மையில் மூலிகை நஞ்சாகும் என்பதைச் சித்த மருத்துவம் மறைத்ததே இல்லை. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெய் பட்டாலே தோல் கொப்பளிக்கும். அதனால்தான் மருந்தில் சேர்க்கும் முன் ‘சுத்தி’ செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அளவு, அனுபானம், பத்தியம், எத்தனை நாள் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ‘இயற்கை, சைடு எஃபெக்ட் இல்லை’ என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் ஒட்டி விற்பவர்கள் யூடியூப்காரர்கள்தான்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு உட்பட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும்.

இதில் பறிபோவது பணம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் பரவாத நிலையில் இருந்த மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், பெருங்குடல் புற்றுநோயாளிகளின் பதிவுகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் 281 பேர். அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் 5 மடங்குக்கும் மேல். ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் இவர்கள், சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு இருந்தவர்கள்.

சிகிச்சையை விடாமல் ‘சப்போர்ட்டுக்கு’ மட்டும் எடுப்பதிலும் வில்லங்கம் உண்டு. வின்கிறிஸ்டினைச் சிதைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்ற என்ஸைம். மஞ்சள் காப்ஸ்யூல்களில் குர்குமின் உடம்பில் நன்றாகச் சேர வேண்டும் என்பதற்காக மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் அந்த என்ஸைமை மந்தமாக்கக்கூடியது. மந்தமானால் கீமோ மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அதன் நச்சும் கூடும். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. டப்பாவில் வரும் காப்ஸ்யூலைச் சொல்கிறேன்.

ஆகவே, வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்து, கூடவே ஏதாவது மூலிகையும் எடுத்துக்கொண்டிருந்தால், திட்டாதீர்கள். திட்டினால் மறைக்க ஆரம்பிப்பார்கள். பாக்கெட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து, அடுத்த முறை ஓ.பி-க்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். நித்தியகல்யாணி என்றால் கேதராந்தஸ் ரோசியஸ், சீந்தில் என்றால் டினோஸ்போரா கார்டிஃபோலியா. எவ்வளவு, எத்தனை நாளாக, காலையிலா இரவிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளில் வெறும் ‘மூலிகைப் பொடி’ என்று மட்டும் போட்டிருந்தால், அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். ஈரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் எப்போது பார்க்க வேண்டும் என்று அவர் அதைவைத்து முடிவு செய்வார்.